நோர்மா லபெல்லின் மூன்று கோடுகள்

நோர்மா லபெல் நம்புகிற மாதிரி ஒரு ஆள் எங்கள் ஊர் மூஸ்பரியில் இன்னும் பிறக்கவில்லை. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். பாதிரியார் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவாள். இன்னொன்று பின்வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிவரும். ரேடியோவில் நாளைக்குப் பனி விழும் என்று சொன்னால், "இவனுக்கு யாரு சொன்னா?" என்பாள். அவள் வளர்க்கிற பூனைகூடப் பால் தட்டில் வாய் வைக்குமுன் அவள் முகத்தைப் பார்த்து ஒரு தரம் அனுமதி வாங்கிக்கொள்ளும்.

பிழைப்புக்கு அவள் ஓட்டியது ஊருக்குச் சொந்தமான பனி தள்ளும் லாரி. சந்தேகப் பிராணிக்கு அதைவிடத் தோதான உத்தியோகம் உலகத்தில் கிடையாது. ஊர் எழுந்திருக்குமுன் எல்லார் வாசலையும் கடந்துபோக வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. யார் வண்டி யார் வீட்டு முன்னால் பனி மூடிக் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த அளவு கர்த்தருக்குத் தெரியுமா என்பது எங்கள் ஊரில் இன்னும் தீராத வழக்கு.

அவள் வீட்டுக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன மேப்பிள் தோப்பு. அடுத்த தோப்பு எல்வுட் ஹாக்கெட்டுடையது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரேஸ் பாக்கெட்டின் தோப்பு. தெரேஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறையைக் கட்டி ஆள்கிறவள். பனிக்காலம் முடிகிற சமயத்தில் மூன்று பேர் மரத்திலும் இனிப்புச் சாறு இறங்கும். தனித்தனியாகக் கொப்பரை வைத்துக் காய்ச்ச மூன்று பேருக்கும் வசதியில்லை. அதனால் அவரவர் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறக்கத்தில் இருக்கும் வெர்ன் ஸ்டைல்ஸின் கொட்டகைக்குப் போகும். மூன்று சாறும் ஒரே கொப்பரையில் கலந்து வெந்து பாகாகும். யார் சாறு எவ்வளவு, எவ்வளவு இனிப்பு என்று பார்த்துப் பாகைப் பிரித்துக்கொள்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பாவம்தான் செய்ய முடியும். தண்ணீர் ஊற்றுவது.

முதல் கூட்டத்திலேயே நோர்மா எழுந்து சட்டம் போட்டுவிட்டாள். எவர் சாற்றில் தண்ணீர் கலந்தாலும் அவர் குழாயை அந்தப் பருவம் முழுக்க மூடிவிட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் ஏறின பிறகு சாறு தொட்டியில் ரெண்டு நாள் தங்கினால் புளித்துவிடும். குழாயை மூடினால் ஒரு வருஷத்துச் சாறு ஓடையோடு போனது என்று அர்த்தம். மூன்று பேரும் கைதூக்கினார்கள். எல்வுட் ரெண்டு கையையும் தூக்கினான்.

சட்டம் போட்டால் போதுமா, காவல் வேண்டாமா? ஒரு பனிக்காலத்தில் லாரிப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது, நோர்மா நூலகத்து லேப்டாப்பை மடியில் வைத்து வெப் பேஜ் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வித்தையை இப்போது இறக்கினாள். மூன்று தொட்டியிலும் இனிப்பு பார்க்கிற மீட்டர் மாட்டினார்கள். மீட்டர்கள் எங்கேயோ ஒரு பட்டணத்தில் யாரும் பார்த்திராத ஒரு சர்வர் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நோர்மா தன் வெப் பக்கத்தைத் திறந்ததும் அது சர்வரிடம் ஓடும்: தெரேஸ் தொட்டி என்ன ஆச்சு, நோர்மா தொட்டி என்ன ஆச்சு, எல்வுட் தொட்டி என்ன ஆச்சு என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி. வருகிற பதிலை வைத்து மூன்று கோடு; இனிப்பு இருந்தால் மேலே நிற்கும், தண்ணீர் கலந்தால் கீழே இறங்கும். தெரேஸுக்குப் பச்சை, நோர்மாவுக்குச் சிவப்பு, எல்வுட்டுக்கு நீலம். தன் பெயரை ஏன் நடுவில் போட்டாள் என்று கேட்டதற்கு, "நடுவுல நின்னாத்தான் ரெண்டு பக்கமும் பாக்கலாம்" என்றாள்.

முதல் வருஷம் மூன்று கோடும் சம்பந்தி வீட்டார் மாதிரி ஒழுங்காக நடந்தன. அது நோர்மாவுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை ஒழுங்கு எங்கேயாவது உண்டா?

ரெண்டாம் வருஷம் மார்ச் மாதம், தன் தொட்டியிலிருந்து யாரோ மொண்டுகொண்டு போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் காரணம் தேவைப்பட்டதும் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்வை படும்படி தொட்டியை நகர்த்தித் தானியக் களஞ்சியத்துத் தகரக் கூரையின் விளிம்புக்கு அடியில் வைத்தாள். லாரியைப் போகையிலும் வருகையிலும் நிறுத்தி, கூரைப் பனி உருகித் தொப்பியில் சொட்டச் சொட்ட, மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அதுவும் போதாமல், மற்ற ரெண்டு மீட்டரும் கால் மணிக்கு ஒரு தரம் எழுதினால், தன் மீட்டரை மட்டும் வினாடிக்கு ஒரு தரம் எழுதும்படி திருகிவைத்தாள். இதை யாருக்கும் சொல்லவில்லை. திருடனிடம் போய்ப் பூட்டின் விவரத்தைச் சொல்வார்களா?

அந்த வாரமே திருடன் அகப்பட்டான்.

வெயிலடித்த மத்தியானம் ஒன்றில் பக்கத்தைத் திறந்தால், எல்வுட்டின் நீலக் கோடு கிணற்றில் விழுந்த பூசணிக்காய் மாதிரி கீழே கிடந்தது. தெரேஸும் அவளும் மேலே சுகமாக இருந்தார்கள். மேகம் போட்ட நாளில் நீலம் எழுந்து உட்காரும். வெயில் வந்தால் மறுபடி விழும். இன்னொரு விசேஷமும் இருந்தது. மற்ற ரெண்டு கோடும் வழவழவென்று இருக்க, நீலம் மட்டும் கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"திருட்டுக் கையி" என்றாள் நோர்மா பூனையிடம். "ஊத்தும்போது நடுங்குது பாரு. கோட்டுலயே தெரியுது."

பூனை ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

எல்வுட் இருபது மைல் சுற்றளவில் யாரும் சந்தேகப்பட முடியாத ஆள். லாரிச் சாவியை லாரியிலேயே விட்டுவிட்டுத் தூங்குவான். யாராவது எடுத்துப்போனால், எண்ணெய் ஊற்றித் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நம்புவான். சனிக்கிழமை ராத்திரி ஊர் கூடித் தின்கிற அவரைப்பருப்பு விருந்தில் நோர்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்கிற துணிச்சல் ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. அதையெல்லாம் இப்போது நோர்மா வேறு கண்ணால் பார்த்தாள். ரொட்டி எடுத்த கைதானே.

மறுநாள் லாரியை ஓடைப் பாலத்தருகே மெதுவாக ஓட்டினாள். எல்வுட் ரெண்டு வாளித் தண்ணீரோடு மேடேறிக்கொண்டிருந்தான். வெயில் பளிச்சென்று அடித்தது.

"என்ன எல்வுட், வாளியும் கையுமா?"

"தண்ணி நோர்மா. ஓடையில சாராயம் ஓடுற வருஷம் சொல்லி அனுப்புறேன்."

"யாருக்குத் தண்ணி?"

"டச்சஸுக்கு. வீட்டுப் பம்பு செத்துப்போச்சு. அந்தக் கெழட்டுக் குதிரை ஒரு நாளைக்கு ஒரு ஏரியக் குடிக்குது."

"ரெண்டு வாளியும் குதிரைக்கா?"

"இல்லம்மா தாயே. ஒண்ணு குதிரைக்கு, இன்னொண்ணு அதோட வக்கீலுக்கு. நீ கேக்குறதப் பாத்தா வக்கீல் வேணும்போல இருக்கு."

அவன் சிரித்தான். நோர்மா சிரிக்கவில்லை. அவன் வீட்டுக்குள் போனதும் லாயத்துப் பக்கம் போய்க் குதிரையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். காலி. குதிரை குடித்தால் காலியாகத்தான் இருக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தோன்றியிருக்கும். நோர்மாவுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: தண்ணீர் இங்கே வரவில்லை.

தெரேஸுக்குப் போன் போட்டாள்.

"எல்வுட் தண்ணி ஊத்துறான்."

"எந்த எல்வுட்டு? நம்ம எல்வுட்டா?" தெரேஸுக்குப் பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. "போன வருஷம் பாதிரியார் சாறு திருட மேப்பிள் மரத்துல ஆணி அடிக்கிறாருன்னு சொன்ன. பாத்தா அந்த மனுஷன் பறவைக்குக் கூடு மாட்டிட்டு இருந்தாரு."

"இந்தத் தரம் கோடு இருக்கு. கோடு பொய் சொல்லாது."

"கோடு வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப சனிக்கிழமை வெர்ன் கொட்டகை விருந்துல எல்லார் முன்னாடியும் காட்டு" என்றாள் தெரேஸ். "காட்டிட்டு மூடணும்னா மூடுவோம். ஆனா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மூடணும். போன்ல மூடுற வேலை எனக்கு ஆகாது."

சனிக்கிழமை மத்தியானம் வெர்ன் கொட்டகையில் பனிப்பாகு விருந்து. கொதிக்கிற பாகைத் தட்டிலிருக்கும் பனியின் மேல் ஊற்றி, அது இறுகினதும் முள்ளால் சுருட்டித் தின்பார்கள். திகட்டினால் ஒரு கடி வெள்ளரி ஊறுகாய், பிறகு டோனட், மறுபடி பாகு. இப்படி ஒருவன் சாயங்காலம் வரை தின்று, பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன கதை எங்கள் ஊரில் உண்டு. அன்றைக்குப் பாதி ஊர் வந்திருந்தது. கொப்பரையின் ஆவியில் எதிரில் நிற்பவர் அண்ணனா தம்பியா என்று தெரியவில்லை. வந்தவர்கள் பாதிப் பேர் ஹாக்கி ஆட்டத்தைப் போனில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் இன்டர்நெட் நல்ல நாளிலேயே நொண்டும், அன்றைக்குத் தவழ்ந்தது.

வெர்ன் சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி, "சட்டுன்னு முடி நோர்மா" என்றார். "பாகு யாருக்காகவும் காத்திருக்காது."

நோர்மா லேப்டாப்பைச் சுவரிலிருந்த டிவியில் சொருகினாள். தொண்டையைக் கனைத்தாள். எல்வுட் வாயில் டோனட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எதற்குக் கூட்டியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

"நம்ம மூணு பேர்ல ஒருத்தர் சாத்துல தண்ணி கலக்குறாங்க. பேர நான் சொல்லல. சர்வர் சொல்லும்."

பக்கம் திறந்தது. சக்கரம் சுற்றிற்று, சுற்றிற்று. ஒவ்வொரு கோடாக விழுந்தது. கீழே, சிலிர்த்துக்கொண்டு, நீலம். எல்வுட்.

பாகு மட்டும் கொதித்தது. எல்வுட் டோனட்டை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். அவன் முகம் சிவக்கவில்லை, வெளுத்தது.

"நோர்மா" என்றான். "நான் தண்ணி ஊத்தினேன்னு நீ நினைக்கிறியா?"

"நான் நினைக்கல. கோடு."

"கோட்ட விடு. நீ."

அவள் திரையைக் கைகாட்டினாள். வெர்ன் பெருமூச்சு விட்டு, குழாய் மூடுகிற சாவியைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் தெரேஸ். "இன்னொரு தரம் திற. சாகப்போறவனுக்கே ரெண்டு தரம் நாடி பாப்பாங்க."

நோர்மா மறுபடி திறந்தாள். சக்கரம் சுற்றியது. கீழே விழுந்தது பச்சை.

"அட, நானா?" என்றாள் தெரேஸ். "எப்ப ஊத்தினேன்? பள்ளிக்கூடத்துல சூப்புக்கே தண்ணி பத்தல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நோர்மாவுக்குக் காது சூடேறியது. சர்வரில் யாரோ கைவைத்துவிட்டார்கள். எல்வுட்டுக்குப் பட்டணத்தில் ஒரு மருமகன் உண்டு, அவன் கண்ணாடி போட்டவன். மறுபடி திறந்தாள். இந்தத் தரம் சிவப்பு கீழே. நோர்மா.

இப்போது கொட்டகையே கூரை தெறிக்கச் சிரித்தது. "ஆளுக்கு ஒரு தரம், வரிசையா வாங்கப்பா" என்று ஒருவன் கத்தினான். "எனக்கும் ஒரு தரம் போடு நோர்மா, நானும் திருடனாகிப் பாக்குறேன்" என்றான் இன்னொருவன். நோர்மா திறந்தாள், திறந்தாள், திறந்தாள். எல்வுட், தெரேஸ், எல்வுட், நோர்மா. அன்றைக்கு ஆளே இல்லாமல் திருட்டு நடந்தது.

சிரிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரேஸ் ஒருத்திதான்.

"பேரு மாறுது, நிறம் மாறுது" என்றாள் மெதுவாக. "ஆனா திருடன் மட்டும் அதே ரோமத்தோட வர்றான் பாரு. கம்பளிப்பூச்சி மாதிரி. மத்த ரெண்டும் மொழுமொழுன்னு இருக்கு. அது ஏன்?"

நோர்மாவின் கை லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது.

வினாடிக்கு ஒரு தரம் எழுதுகிற மீட்டர் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்று ஒருத்திக்குத்தான் தெரியும். அத்தனை எழுத்தையும் சுமந்து வருகிற பதில், காட்டாற்றில் வைக்கோல் வண்டி மாதிரி, வீட்டில் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்ந்திருக்கும். அவளோ முதலில் வந்த பதிலுக்கு முதல் பெயர், கடைசியில் வந்த பதிலுக்குக் கடைசிப் பெயர் என்று ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெயர் எல்வுட். தவழ்கிற இன்டர்நெட்டில் இன்றைக்கு வண்டிகள் கண்டபடி வந்தன. அதனால்தான் ஆளுக்கு ஒரு தரம் கிடைத்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு, "மெஷின் கெட்டுப்போச்சு, எல்லாரும் டோனட் சாப்பிடுங்க" என்று சொன்னால் முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. எல்வுட் பிழைப்பான், அவள் குழாயும் பிழைக்கும். நோர்மா அப்படிச் செய்யலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி லேப்டாப்பை மூடுகிற முகத்தைத்தான் அவள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். அந்த முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அது தன் கழுத்தின் மேல் ஏறி உட்காரப் பார்ப்பதும் தெரிந்தது.

"அந்தக் கம்பளிப்பூச்சி என்னுது" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். மூன்று கேள்வியும் ஒன்றாகக் கேட்பதையும், கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று தான் நம்பியதையும் சொன்னாள். நம்பியது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததே அன்றைக்குத்தான்.

தெரேஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "யாரு தட்டு முதல்ல வருதோ அத முதல்ல நிக்கிறவனுக்கா குடுத்த? பள்ளிக்கூடத்துல நான் அப்படிப் பரிமாறினேன்னா, வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளைக்கு வேர்க்கடலை வெண்ணெய் போயிருக்கும். தட்டுல பேரு எழுதணும்மா, பேரு."

வெர்ன் மூன்று குழாயிலும் ஒவ்வொரு குவளை பிடித்து, இனிப்பு பார்க்கிற கண்ணாடி மிதவையைப் போட்டார்; இனிப்பு இருந்தால் அது மேலே நிற்கும், தண்ணீரானால் முங்கும். எல்வுட்டின் சாற்றில் மிதவை ராஜா மாதிரி நின்றது. தெரேஸின் சாற்றிலும் நின்றது. நோர்மாவின் சாற்றில் வெட்கப்பட்டதுபோல உள்ளே போயிற்று.

"நான் ஊத்தல" என்றாள் நோர்மா. தன் குரல் தனக்கே சந்தேகமாக இருந்தது. "ஆனா சட்டம் நான் போட்டது. மூடுங்க வெர்ன்."

வெர்ன் சாவியோடு எல்வுட்டைப் பார்த்தார். எல்லாரும் எல்வுட்டைத்தான் பார்த்தார்கள். அவன் எழுந்து, மடியிலிருந்த டோனட் தூளைத் தட்டிவிட்டான்.

"முதல்ல போய்ப் பாப்போம்" என்றான். "நம்ம ஊருல ஆளப் பாக்காம தீர்ப்பு சொல்ற வேலை இன்னைக்கு ஒரு தரம் நடந்தாச்சு. போதும்."

பாதி ஊரும் சேற்றில் மேடேறியது. தகரக் கூரைக்கடியில் தொட்டி நின்றது. ஓயாமல் தூக்கித் தூக்கி மூடி ஒரு பக்கம் கோணிப்போய், உள்ளங்கை அகலம் வாய் பிளந்துகொண்டிருந்தது. வெயிலில் கூரைப் பனி உருகி, சொட்டு சொட்டாக, குறி தவறாமல் அந்த வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.

எல்வுட் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தான்.

"சட்டத்துல என்ன இருக்கு? யாரு தண்ணி கலந்தாங்களோ அவங்க குழாய மூடணும். கலந்தது கூரை. கூரைக்குக் குழாய் இருந்தா மூடுங்க வெர்ன். இல்லன்னா வாங்க, பாகு அடிப்பிடிக்குது."

வெர்ன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். தெரேஸ் தலையாட்டினாள். எல்வுட் தன் லாரியிலிருந்து கயிறு கொண்டுவந்தான். தொட்டியை நாலு பேர் கூரையை விட்டுத் தள்ளி வைத்ததும், மூடியை நேராக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டான்.

"ஒரு நிபந்தனை நோர்மா. பருவம் முடியறவரைக்கும் இந்த முடிச்ச நீ தொடக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது. மீட்டரயும் மத்தவங்க மாதிரி கால் மணிக்கு ஒரு தரம் எழுத விடணும்."

"அதுக்குக் குழாயவே மூடியிருக்கலாம்" என்றாள் நோர்மா.

"அது சின்ன தண்டனை."

அவள் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதாக யாரும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை எல்வுட் வீட்டு முன்னால் பனி விழாத நாளிலேயே பாதை வழித்துத் துடைத்ததுபோல இருந்தது. அவன் பம்புக்குப் புது மோட்டாரும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தார்கள் என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

பக்கத்தையும் நோர்மா திருத்தினாள். இப்போது ஒவ்வொரு பதிலும் தன் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். மூன்றும் வந்து சேரும்வரை பக்கம் காத்திருக்கும். பிறகுதான் கோடு விழும். பத்துத் தரம் திறந்து பார்த்தாள், நூறு தரம் திறந்தாள். பச்சை பச்சையாகவே, நீலம் நீலமாகவே இருந்தன.

அடுத்த வெயில் நாளில் திறந்தபோது அவளுடைய சிவப்புக் கோடு ஏறியிருந்தது. தெரேஸைத் தாண்டி, எல்வுட்டையும் தாண்டி, மேலே போய்த் தனியாக நின்றது. அப்பா நட்ட மரங்கள் நல்ல மரங்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நோர்மா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"எல்வுட், என் தொட்டியில சக்கரை போட்டியா?"

"ஆமாம்மா தாயே. குதிரை முதுகுல மூட்டை மூட்டையா கொண்டாந்து போட்டேன். வக்கீலும் ஒத்தாசை பண்ணாரு. போய் லாரிய ஓட்டு."

அவள் லாரிக்குப் போகவில்லை. தொட்டியருகே போய், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குனிந்து முடிச்சைப் பார்த்தாள். எல்வுட் போட்டது போட்டபடியே, ஒரு நூல் அசையாமல் இருந்தது.

அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.